அழைப்புமணி இல்லாத வீடு – அத்தியாயம் 9: கைப்பிடிச் சுவர்

ஆவணக் காப்பகத்தின் வாசிப்பு அறைக்குள் பேனா கொண்டுபோகக் கூடாது. கைப்பை, குடை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வாசலில் இருக்கும் பெட்டியில் பூட்டிவிட்டு, பென்சிலும் வெள்ளைத்தாளுமாகப் போக வேண்டும். போன் மட்டும் உண்டு, அதுவும் படம் எடுக்க.

போன வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அக்காதான் இப்போது அந்த அறையில் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருந்துக்கடைக்கு அரைநாள் லீவு.

டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. "உங்க குடும்பத்துல நல்லா இருந்தவங்க யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?"

"இல்ல" என்றார் அப்பா. டாக்டர் வாயை மூடுவதற்குள் சொல்லிவிட்டார்.

"தாத்தா முப்பத்துநாலு வயசுல போனாரேப்பா?"

"அவர் தண்ணில மூழ்கிப் போனவர். அது வேற."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஈ.சி.ஜி.ல ஒரு அளவு எல்லையில நிக்குது. தப்புன்னும் சொல்ல முடியல, சரின்னும் சொல்ல முடியல. குடும்பத்துல அப்படி யாராவது இருந்தா இன்னிக்கே அட்மிட் பண்ணிடுவேன். இல்லன்னா வீட்டுக்குப் போய் நல்லா தூங்கட்டும்."

தூங்கப் போனவன் தம்பி. பிறந்தபோது கன்னத்தைப் பார்த்து வீட்டில் வைத்த பேர் பன்னு. வளர்ந்து பேக்கரியில்தான் வேலைக்குச் சேர்ந்தான். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மூன்று மாதத்தில் மூன்று மயக்கம். மூன்றும் படுக்கையில், கண் விழித்த கையோடு.

"கண்ணத் திறந்தார், என்னப் பார்த்தார், அப்புறம் கண்ணு மேல போயிருச்சு" என்று அவன் மனைவி மூன்று தடவையும் இதே வார்த்தைகளைச் சொல்லி அழுதாள். மாவு பிசைந்து தூக்கம் கெட்ட உடம்பு என்றார்கள். புது மாப்பிள்ளைக்கு மயக்கம் வராமல் வேறு யாருக்கு வரும் என்று சிலர் கண்ணடித்ததையும் மறைப்பானேன்?

அக்காவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தாத்தா எப்படிச் செத்தார் என்று எங்கேயாவது எழுதியிருக்கும், அதைப் பார்க்காமல் விடுவதில்லை என்று காப்பகத்துக்கு மனுப் போட்டுவிட்டாள்.

ஆச்சரியம், அப்பாவும் கூடவே கிளம்பி வந்ததுதான். வந்தவர் உள்ளே வரவில்லை.

"நான் வெளிய பெஞ்சுல இருக்கேன். நீ பார்த்துட்டு வா."

"எதுக்குப்பா வெளிய? உங்கப்பாவோட கட்டுதானே?"

"தூசி எனக்கு ஒத்துக்காதும்மா."

முப்பது வருடம் தபால் மூட்டைகளுக்கு நடுவே கடிதம் பிரித்தவருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாதாம்.

இந்த மனிதரின் விநோதம் புதிதாக வந்தவர்களுக்காக ஒருமுறை. அவர் வீட்டில் அழைப்புமணி கிடையாது, அலாரம் கிடையாது. போன் வந்தால் மேசைமேல் உறுமும், பாடாது. சின்ன வயதில் பஸ் கண்டக்டர் வேலை கிடைத்தும், வண்டியில் மணிக்கயிறு இருக்கிறது என்று போகாமல் இருந்தவர். கேட்டால் தலைவலி என்பார்.

காலையில் பிள்ளைகளை எழுப்ப அவருக்கு ஒரே வழி. கால் கட்டைவிரலைப் பிடித்து மெதுவாக இரண்டு அசைப்பு. அக்கா முதல் அசைப்பிலேயே எழுந்துவிடுவாள். பன்னு காலை உள்ளே இழுத்துக்கொண்டு, "இன்னும் அஞ்சு நிமிஷம்ப்பா" என்பான். கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை இதுதான் நடந்தது.

காப்பக ஊழியர், மூக்கு நுனியில் கண்ணாடியும் கையில் நாடா கட்டிய ஒரு கட்டுமாக வந்தார்.

"அதிர்ஷ்டம் மேடம். அந்த வருஷத்துக் கட்டுல பாதி கரையான் தின்னது போக மிச்சம் இது."

"நீர்த்தேக்கத்துல மதகுக் காவலரா இருந்த எங்க தாத்தா…"

"அவரேதான். மரண விசாரணை. ரெண்டே தாள். பக்கத்தைத் திருப்பும்போது மூலையைப் பிடிங்க, நடுவுல தொடாதீங்க."

அக்காவுக்கு அந்த நிமிடம் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வாரமாக அலைந்து தேடியது கையில் இருந்தது. உடனே பன்னுவுக்குப் போன் போட்டாள். பகலில் தூங்குகிற தம்பியை எழுப்பி வம்பிழுப்பது அக்காக்களின் பிறப்புரிமை அல்லவா? இரண்டு ரிங் போயிற்று.

காப்பக ஊழியர் மேசையை விரலால் தட்டினார். "மேடம். போன் பேசறதுன்னா வெளிய."

அவள் துண்டித்தாள். சுவர்க்கடிகாரத்தில் இரண்டரை.

பழைய கையெழுத்து. மை பழுப்பேறி, எழுத்துகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிடந்தன. மற்றவர்கள் திணறியிருப்பார்கள். பதினைந்து வருடமாக டாக்டர்களின் சீட்டுகளைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவளுக்கு இது அச்சடித்த புத்தகம்.

முதல் தாள்:

'இறந்தவர் மதகின் கைப்பிடிச் சுவரில் பகலுணவுக்குப் பின் படுத்துறங்கும் வழக்கமுடையவர். நன்றாக நீந்தத் தெரிந்தவர் என்று எல்லாச் சாட்சிகளும் கூறுகின்றனர். நீரில் விழுந்த பின் கையோ காலோ அசைக்கவில்லை. உடலில் காயம் எதுவும் இல்லை. நுரையீரலில் நீர் இல்லை.'

அந்தக் கடைசி வரியை அவள் மூன்று தடவை படித்தாள்.

மூழ்கிச் சாகிறவனின் நுரையீரலில் நீர் இருக்க வேண்டும். தாத்தா தண்ணீரில் விழுந்தபோது மூச்சே விடவில்லை. அதற்கு முன்பே போய்விட்டார். ஆனாலும் கீழே விசாரணை அதிகாரி, 'தற்செயலாக நீரில் விழுந்து மரணம்' என்று எழுதி, முத்திரை குத்தி, வேலையை முடித்திருந்தார்.

இரண்டாவது தாள் சாட்சிகளின் வாக்குமூலம். நடுவில் ஒரு வரி அடிக்கப்பட்டிருந்தது. அடித்த கோட்டுக்கு அடியில் எழுத்துகள் தெரிந்தன. அவள் தாளை ஜன்னல் பக்கம் சாய்த்தாள்.

'இறந்தவரின் மகன், வயது ஒன்பது, தன் தகப்பனை எழுப்புவதற்காக மதகு மணியை அடித்ததாகக் கூறுகிறான்.'

அக்காவின் கையிலிருந்த பென்சில் மேசையில் உருண்டது.

ஓரத்தில், வேறு மையில்: 'மேற்படி வரி நீக்கப்பட்டது. முழுவதும் படித்துக் காட்டப்பட்டு, இறந்தவரின் மனைவி வேண்டிக்கொண்டதன்பேரில்.' அதற்குக் கீழே ஒரு பெருவிரல் ரேகை. அறுபத்தொரு வருடம் கழித்தும் அந்த ரேகையின் சுழிகள் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தன. பாட்டி மிக அழுத்தி வைத்திருக்கிறாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் யாரோ தோளுக்குப் பின்னால் நின்று தன்னோடு சேர்ந்து படிப்பதாக அக்காவுக்குத் தோன்றியது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"நகல் வேணுமா மேடம்?"

"ரெண்டு தாளும் வேணும்" என்றாள்.

வெளியே வந்து பெட்டியைத் திறந்து, இரண்டாவது நகலை நாலாக மடித்துக் கைப்பையின் உள்ஜிப்பில் வைத்தாள். முதல் தாளை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனாள்.

அப்பா கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு, வாத்தியார் அறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையனைப்போல உட்கார்ந்திருந்தார்.

"என்ன எழுதியிருக்கு?"

"தாத்தா மூழ்கிச் சாகலப்பா. நுரையீரல்ல தண்ணியே இல்லையாம். விழறதுக்கு முன்னாடியே உயிர் போயிருக்கு."

அப்பா தாளை வாங்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான்தான்" என்றார்.

"என்னப்பா?"

"இவ்வளவு நாளா, விழுந்தது என்னாலன்னு நெனச்சிருந்தேன். மூழ்கினதாவது தண்ணியால இருக்கட்டும்னு ஒரு ஓரத்துல வெச்சிருந்தேன். அதுவும் இல்லன்னா… முழுக்க நான்தான்."

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் சொல்லப்போவது அவளுக்குத் தெரியும். தெரியாதவள்போல இருந்தாள். அறுபத்தொரு வருடம் காத்த ஒன்றை அவர் வாயால் அவரே சொல்லட்டும் என்று நினைத்தாள்.

"பள்ளிக்கூடம் மத்தியானத்தோட விட்டுட்டாங்க. ஓடிப்போனேன். சுவர் மேல படுத்துத் தூங்கிட்டிருந்தார். எழுப்பினா சிரிப்பார்னு நெனச்சேன். தண்ணி திறக்கறப்போ அடிக்கிற மணி தலைக்கு மேலயே. கயித்த ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தேன்."

"அப்பா, போதும்."

"இல்ல, கேளு. திடுக்கிட்டு உருண்டு விழுந்தார்னுதான் நீ நெனப்ப. அப்படி இல்ல. கண்ணத் திறந்தார். என்னப் பார்த்தார். அப்புறம் கண்ணு மேல போச்சு. அதுக்கப்புறம்தான் சரிஞ்சார்."

கண்ணத் திறந்தார். என்னப் பார்த்தார். அப்புறம் கண்ணு மேல போச்சு.

"அப்பா… இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா? பன்னு பொண்டாட்டிகிட்ட?"

"பைத்தியமா உனக்கு? அன்னிக்கு விசாரணைக்கு வந்தவர்கிட்ட மணியடிச்சேன்னு மட்டும் சொன்னேன், அதோட சரி, வேற யாருக்கும் தெரியாது. எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. அது ஒண்ணுதான் எனக்கு நிம்மதி."

அவள் காதில் அது விழுந்தும் விழாததுபோல இருந்தது. பன்னுவின் மயக்கங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். முதலாவது, அலாரம் அடித்த காலை. இரண்டாவது, பகல் தூக்கத்தில் பார்சல்காரன் அழைப்புமணியை அழுத்தியபோது. மூன்றாவது, மறுபடி அலாரம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் காகிதங்களை வரிவிடாமல் படிக்கிற வழக்கம் உள்ளவள் அவள். சில வகை இதயக்காரர்களுக்கு இந்த மாத்திரை கூடாது என்று ஒன்றில் படித்து, அது என்ன இதயம் என்று தேடிப் பார்த்திருந்தாள். பரம்பரையாக வருவது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. தூக்கத்தில் திடீர்ச் சத்தம் கேட்டால் தாளம் தப்பி நின்றுபோகும்.

அப்பாவின் வீட்டில் சத்தமே இல்லை. முப்பத்துமூன்று வருடம் பன்னு அந்த வீட்டில்தான் தூங்கினான்.

"மணி என்னப்பா?"

"மூணு ஆகப்போகுது."

"நாலு மணிக்கு அலாரம் வெச்சிருக்கான். இன்னிக்கே சாயங்கால வேலைக்குப் போறேன்னு குதிச்சான்ல?"

கை தானாகப் போனை எடுத்தது. அவன் பேரைத் தொடப்போன விரல் அந்தரத்தில் நின்றது. போன் அடித்தால் அதுவும் மணிதான். மெசேஜ் அனுப்பினாலும் டிங் என்று ஒரு சத்தம். பன்னுவின் மனைவிக்குச் சொல்லலாம் என்றால், வேலை நேரத்தில் அவள் போன் தொழிற்சாலை அலமாரிக்குள் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரர் எண் தெரிந்தாலும், அவர் போய் முதலில் தொடுவது அழைப்புமணியைத்தான்.

அப்போதுதான் அவளுக்கு அது நினைவு வந்தது. இரண்டரை மணி. இரண்டு ரிங். அவன் எடுக்கவில்லை.

"அம்மாடி, ஏன் இப்படி வெளிறிப்போன?"

"எழுந்திருங்கப்பா. வழியில சொல்றேன்."

டாக்சியில் அவள் சொன்னாள். இதயம், பரம்பரை, சத்தம், மூன்று மயக்கம். தான் போட்ட போனையும் சொன்னாள். சொல்லும்போது அழுதுவிட்டாள். அப்பா சட்டைப்பைக்குள் எதையோ தேடினார். ஒரு சாவி. 'வெச்சுக்கங்க மாமா, எப்ப வேணா வாங்க' என்று மருமகள் கொடுத்தது. மூன்று மாதத்தில் ஒருநாளும் அதை அவர் பயன்படுத்தியதில்லை. ஆனால் ஒருநாளும் அதை வீட்டில் வைத்துவிட்டு வந்ததுமில்லை.

சிக்னலில் டிரைவர் ஹாரனை அழுத்தினார். அப்பா துள்ளி விழுந்தார்.

"தம்பி, அந்தத் தெருவுக்குள்ள போனதும் ஹாரன் அடிக்காதீங்க."

"ஹாரன் இல்லாம ஓட்டணுமா? அதுக்குப் பிரேக் இல்லாம ஓட்டச் சொல்லுங்க சார்."

"என் பிள்ளை தூங்கறான்" என்றார் அப்பா.

டிரைவர் கண்ணாடி வழியே அவர் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஹாரனைத் தொடவில்லை.

மூன்றாம் மாடி. லிஃப்ட் வந்து நின்றால் 'டிங்' என்னும் என்று படியிலேயே ஏறினார்கள். எழுபது வயதுக்காரர் மகளுக்கு முன்னால் ஏறினார். கதவுக்கு இடப்பக்கம் மருமகள் ஆசையாகத் தேர்ந்தெடுத்த அழைப்புமணி, சின்னதாகச் சிவப்பு விளக்கோடு. அப்பா அதன்மீது இடது உள்ளங்கையைக் கூரைபோலக் கவித்துப் பிடித்துக்கொண்டு, வலதுகையால் சாவியைத் திருப்பினார். சாவி சத்தமில்லாமல் சுழன்றது.

உள்ளே திரை இழுத்துவிட்ட அறை. மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பன்னு குப்புறப் படுத்திருந்தான். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. போர்வை அசைகிறதா இல்லையா என்று அந்த விசிறிக் காற்றில் சொல்ல முடியவில்லை.

கட்டிலருகே அலாரம். நான்காக ஆறு நிமிடம். அக்கா அதை எடுத்து, பின்பக்கம் திருப்பி, பேட்டரியைக் கழற்றினாள். பக்கத்தில் போன். திரையில், 'அக்கா – ஒரு தவறிய அழைப்பு.' அதையும் அணைத்தாள். அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. தம்பியின் பக்கம் பார்க்க அவளால் முடியவில்லை.

அப்பா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். போர்வையை விலக்கினார். கட்டைவிரலைப் பிடித்தார்.

ஒரு அசைப்பு.

ஒன்றும் இல்லை.

அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அக்கா அவனை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

இன்னொரு அசைப்பு.

கால் விருட்டென்று உள்ளே போயிற்று.

"இன்னும் அஞ்சு நிமிஷம்ப்பா" என்றான் பன்னு, தலையணைக்குள்ளிருந்து.

அக்கா சமையலறைக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து டாக்டருக்குப் போன் செய்தாள்.

"நீங்க கேட்டீங்களே டாக்டர், அப்படி ஒருத்தர் இருந்தார். எங்க தாத்தா. தூக்கத்துல மணிச்சத்தம் கேட்டு, விழறதுக்கு முன்னாடியே போயிருக்கார். பேப்பர் கையில இருக்கு."

"உடனே கூட்டிட்டு வாங்க. நடக்க விடாதீங்க. நாளைக்கு நீங்களும் அப்பாவும் வாங்க, உங்களையும் பார்க்கணும்."

அவள் திரும்பி வந்தபோது அப்பா அதே இடத்தில் இருந்தார். போர்வைக்குள் கைவிட்டு மகனின் காலைத் தேடிப் பிடித்திருந்தார். பன்னு மறுபடி தூங்கியிருந்தான். கிளம்புவதற்கு முன் அவனுக்கு அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"நீங்க வீட்டுல மணியே இல்லாம வெச்சீங்களே, அதனாலதாம்பா இவன் இருக்கான்" என்றாள் மெதுவாக. "நீங்க ஏதோ தண்டனைன்னு நெனச்சுப் பண்ணினது இவனைக் காப்பாத்தியிருக்கு."

"நான் ஆரம்பிச்சது இல்ல அது" என்றார் அப்பா. "எங்கம்மா. அப்பா செத்துப்போன வாரமே வீட்டுல இருந்த அலாரக் கடிகாரத்தை யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டா. சத்தம் பிடிக்கலன்னு சொன்னா. அன்னிலேர்ந்து கால் கட்டைவிரலைப் பிடிச்சுத்தான் என்னை எழுப்புவா. நான் அவகிட்டேர்ந்து கத்துக்கிட்டதுதான் இது."

அக்காவுக்கு, அடிக்கப்பட்ட அந்த வரி கண்முன் வந்தது.

"எத்தனையோ ராத்திரி சொல்லிடலாம்னு அவ பக்கத்துல போய்ப் படுத்திருக்கேன். வாய் வராது. ஒரு விதத்துல நல்லதுதான். நான் மணியடிச்சது தெரிஞ்சிருந்தா, அவ என்னைத் தொட்டு வளர்த்திருப்பாளா, சொல்லு?"

அவர் பதிலுக்காக மகளை நிமிர்ந்து பார்த்தார்.

அக்காவின் கை தோளில் தொங்கிய பைக்குள் போயிற்று. உள்ஜிப்பைத் தொட்டது. அந்த வரியை நீக்கச் சொல்லிப் பாட்டி அழுத்தி வைத்த பெருவிரல் ரேகை, நாலாக மடித்த தாளுக்குள் இருந்தது.